சிறிய கேபினட், குறைந்த செலவு: கேமிங் கணினிக்கான பாகங்களை எதிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுப்பது?

குறுமேசை:

அனைவருக்கும் வணக்கம். மேசையின் மீது மானிட்டருக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும் அளவில் ஒரு கேமிங் கணினியை, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டலாம் என்று எண்ணியிருக்கிறேன். மேசைக்கு அடியில் கால் நீட்டும் இடத்தைத் தவிர வேறு இடமில்லை என்பதால், வழக்கமான டவர் கேபினட் சரிவராது. மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது: 24 அங்குலம், 1080பி, 100 ஹெர்ட்ஸ். அதை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை. வழக்கமாக விளையாடுவது வேலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆகியவை. அவற்றோடு எல்டன் ரிங், ஃபோர்சா ஹொரைசன் 5 போன்ற பெரிய விளையாட்டுகளையும் ஓரளவு நல்ல காட்சித் தரத்தில் ஆட வேண்டும் என்பது என் விருப்பம்.

இதுவரை நான் குறித்து வைத்திருக்கும் பட்டியல் இதுதான். பிராசஸர் ரைசன் 5 5600ஜி. ஏ520 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) கொண்ட, மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு. 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரே ஸ்டிக். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு. 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. ரைசர் கேபிளுடன் (கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைக்கும் கம்பி) வரும் 9 லிட்டர் கேபினட். 500 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய வடிவ) பவர் சப்ளை. முதல் சில மாதங்கள் 5600ஜி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் உள்ளமை கிராபிக்ஸிலேயே ஓட்டிவிட்டு, பணம் சேர்ந்த பிறகு கார்டை வாங்கிக்கொள்ளலாம் என்பதால்தான் அந்தப் பிராசஸரைத் தேர்ந்தெடுத்தேன். கையில் இருக்கும் தொகை குறைவு. எந்தப் பாகத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருகாணி:

உங்கள் பட்டியலில் உள்ள பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குறை எதுவும் சொல்ல முடியாது. ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022 ஜனவரியில் வெளிவந்த கார்டு. அதில் இருப்பது 4 ஜிபி நினைவகம். மதர்போர்டுடன் தரவைப் பரிமாறிக்கொள்ள அதற்குக் கொடுக்கப்பட்டிருப்பவை 4 பிசிஐஇ லேன்கள் (தரவுப் பாதைகள்) மட்டுமே. பிசிஐஇ-யின் 4.0 பதிப்பு கிடைக்கும் மதர்போர்டில் அந்த நான்கு லேன்களின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி தரவு செல்லும். நீங்கள் எடுத்திருக்கும் 5600ஜி பிராசஸரோ பிசிஐஇ 3.0 வரைதான் தரும். ஏ520 சிப்செட் உள்ள போர்டுகளும் 3.0-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே பாதை நொடிக்கு 4 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. விளையாட்டின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) 4 ஜிபி-க்குள் அடங்கும் வரை இதனால் பெரிய பாதிப்பு தெரியாது. அடங்காமல் போகும் அந்த நொடியிலிருந்து, மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் கார்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்சாவில் வண்டி வேகமாகப் போகும்போது காட்சி வெட்டி வெட்டி நகர்வதை அப்போது நீங்கள் பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு, அந்தக் கார்டில் வீடியோவைப் பதிவுசெய்யும் என்கோடர் வன்பொருளும் கிடையாது. ஆட்டத்தைப் பதிவுசெய்தால் அந்தச் சுமை முழுவதும் பிராசஸரின் தலையில் விழும்.

எனவே நான் தொடங்கச் சொல்லும் இடம் உங்கள் மானிட்டர். 1080பி, 100 ஹெர்ட்ஸ் என்பது தெளிவான இலக்கு. அதற்குத் தேவை 8 ஜிபி நினைவகமும் 8 லேன்களும் கொண்ட ஒரு கார்டு. ஆர்எக்ஸ் 6600 இந்த வேலையைச் செய்யும். அது 132 வாட் எடுக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கிறது. அது 115 வாட்தான் எடுக்கிறது என்பதால் சிறிய கேபினட்டுக்கு இன்னும் ஏற்றது, குறைந்த தெளிவில் வரைந்த காட்சியை ஏஐ மூலம் மேம்படுத்தும் டிஎல்எஸ்எஸ் வசதியும் கிடைக்கும். இவற்றில் எது உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 4 ஜிபி கார்டை நான் இப்போது யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, குறைந்தபட்சத் தேவையாகவே ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருளும் 8 ஜிபி நினைவகமும் உள்ள கார்டைக் கேட்கிறது. அந்தப் பட்டியலில் ஏஎம்டி தரப்பில் கடைசிப் படியில் நிற்பது ஆர்எக்ஸ் 6600. பழைய ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை மலிவாகக் கிடைத்தாலும் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

பிராசஸரைப் பொறுத்தவரை, 5600ஜி-யின் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பி. 'ஜி' இல்லாத 5600-இல் 32 எம்பி, அதோடு பிசிஐஇ 4.0-உம் உண்டு. இரண்டிலும் 6 கோர், 12 திரெட் என்று விளம்பரத்தில் ஒரே மாதிரி தெரிந்தாலும், தனிக் கார்டு பூட்டிய பிறகு விளையாட்டில் 5600 முந்தும். கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற, பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டுகளில் அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். 5500 என்று ஒன்றும் விற்கிறார்கள். அதுவும் 16 எம்பி கேஷும் பிசிஐஇ 3.0-உம் கொண்டதுதான். எண் நெருக்கமாக இருப்பதால் தம்பி போலத் தோன்றும். உண்மையில் அது உள்ளமை கிராபிக்ஸ் நீக்கப்பட்ட 5600ஜி-யின் வகையைச் சேர்ந்தது.

சில மாதங்கள் உள்ளமை கிராபிக்ஸில் ஓட்டுவது என்ற திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இடைக்காலத்துக்காக வாங்கும் ஒரு பாகம் கணினியின் ஆயுள் முழுவதும் கார்டின் வேகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். முடிந்தால் அந்த மாதங்கள் காத்திருந்து எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குங்கள். கார்டே வாங்கப்போவதில்லை என்று முடிவெடுத்தால் கணக்கு வேறு. அப்போது ரைசன் 5 8600ஜி போன்ற, வலுவான உள்ளமை கிராபிக்ஸ் உள்ள பிராசஸரையும் வேகமான டிடிஆர்5 ரேமையும் நோக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

சதுரப்பலகை:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன்; ஆனால் பணம் எங்கே வீணாகிறது என்பதற்கு விடை மதர்போர்டிலும் கேபினட்டிலும் இருக்கிறது. மினி-ஐடிஎக்ஸ் என்பது 170-க்கு 170 மில்லிமீட்டர் பலகை; வயா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய அளவு. மைக்ரோ-ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244-க்கு 244. இந்த 74 மில்லிமீட்டரை மிச்சப்படுத்துவதற்காக நீங்கள் மூன்று இடங்களில் கூடுதலாகப் பணம் கட்டுகிறீர்கள். ஐடிஎக்ஸ் போர்டு அதே சிப்செட் கொண்ட மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை அதிகம். ஐடிஎக்ஸ் கேபினட்டுகளில் பெரும்பாலானவை எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையைத்தான் ஏற்கும். அதே வாட்டுக்கு அதுவும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளையைவிட விலை கூடியது. மூன்றாவது, கேபினட்டும் ரைசர் கேபிளும். இந்த மூன்றிலும் மிஞ்சும் தொகையைச் சேர்த்தால் 6500 எக்ஸ்டி-க்கும் 6600-க்கும் இடையிலான இடைவெளியின் பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

எனவே முதலில் அளவுகோலை எடுத்து, மேசையில் கணினிக்கென ஒதுக்கக்கூடிய இடத்தின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து சொல்லுங்கள். 'சிறியது' என்ற சொல்லை நம்பி வாங்க முடியாது. மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டையும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளையையும் ஏற்கும் கேபினட்டுகள் 20 லிட்டரை ஒட்டியும் கிடைக்கின்றன; நாம் வழக்கமாகப் பார்க்கும் டவர்கள் 40 லிட்டருக்கு மேல். அந்தப் பாதி அளவே உங்களுக்குப் போதுமானதாக இருந்தால், 9 லிட்டர் என்ற ஆசைக்குப் பின்னால் போக வேண்டிய தேவையில்லை. கணினியை அடிக்கடி பையில் போட்டு எடுத்துச் செல்பவருக்கு 9 லிட்டர் தேவை; ஒரே மேசையில் இருக்கப்போகும் கணினிக்கு அது அலங்காரம்.

ரைசர் கேபிளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மலிவான கேபினட்டுகளுடன் வரும் ரைசர்களில் பல பிசிஐஇ 3.0-க்கு மட்டுமே தகுதி பெற்றவை. பிசிஐஇ 4.0 தரும் பி550 சிப்செட் போர்டும் 4.0 கார்டும் அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் இருந்தால், இரண்டும் தாமாகவே 4.0 வேகத்துக்குப் போக முயலும், கேபிள் தாங்காது. திரை கறுத்துப்போவது, விளையாட்டு நடுவில் நின்றுவிடுவது, சில சமயம் படமே வராமல் இருப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையில்) அந்த ஸ்லாட்டின் வேகத்தை 3.0 என்று கைப்படப் பூட்டிவிட்டால் சரியாகிவிடும். 8 லேன் கொண்ட 8 ஜிபி கார்டுக்கு இதனால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் சில சதவீதம்தான். ஆனால் அந்தப் பயாஸ் திரையைப் பார்ப்பதற்கே முதலில் படம் வர வேண்டும் என்பதையும், 5600-இல் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். கார்டு நேரடியாக ஸ்லாட்டில் அமரும் கேபினட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

பழையசரக்கு:

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் வேறொரு வழியையும் சொல்கிறேன். அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய கணினிகள், அதாவது டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகளில் எஸ்எஃப்எஃப் என்று குறிப்பிடப்படும் மெலிந்த பெட்டிகள், பயன்படுத்திய நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டைச் செருகினால், உங்கள் பட்டியலின் செலவில் ஒரு பகுதியிலேயே வேலரண்டும் கவுன்டர்-ஸ்டிரைக்கும் நன்றாக ஓடும்.

இதன் எல்லைகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். பல மாடல்களில் மதர்போர்டில் செருகும் கனெக்டர்கூட வழக்கமான 24 பின் அல்ல. ஆகவே அதை மாற்றி வலுவான ஒன்றைப் போடுவது எளிதன்று. கிராபிக்ஸ் கார்டுக்கான தனி மின்கம்பியும் இருக்காது என்பதால், பிசிஐஇ ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் உங்களுக்கு வாய்க்கும். அந்த வரம்புக்குள் இப்போது எடுக்கத்தக்கது 6 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050. அது 70 வாட்டில் ஓடும். கவனியுங்கள், அதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டு 130 வாட் எடுப்பது, அது வேறு. ஆர்எக்ஸ் 6400-ஐயும் சிலர் சொல்வார்கள்; அதற்கும் 4 லேன்கள்தான் என்பதால் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள இந்தப் பழைய கணினிகளில் திருகாணி சொன்ன அதே இடர்ப்பாடு வரும். இன்டெல் ஆர்க் ஏ380 நன்றாக ஓட வேண்டுமானால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி வேண்டும். பழைய அலுவலகக் கணினிகளின் பயாஸில் அதை எதிர்பார்க்க முடியாது.

வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து, நீளமான ஸ்லாட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் அது பவர் சப்ளையின் சுவரை ஒட்டியே இருக்கும். இரண்டு ஸ்லாட் தடிமன் கொண்ட கார்டு அங்கே நுழையாது. பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் பிராசஸர்களை ஏற்கிறது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆடுவதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், இதில் குறுக்குவழி தேட வேண்டாம்.

குறுமேசை:

மூவருக்கும் நன்றி. மேசையை அளந்துவிட்டேன்: அகலம் 23 செ.மீ., ஆழம் 42 செ.மீ., உயரத்துக்குத் தடை எதுவும் இல்லை; மேலே அலமாரி 50 செ.மீ. உயரத்தில்தான் தொடங்குகிறது. அப்படியென்றால் 20 லிட்டர் மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினட் தாராளமாகப் பொருந்தும் என்று தெரிகிறது. ஆகவே ஐடிஎக்ஸ் எண்ணத்தைக் கைவிடுகிறேன். பழைய அலுவலகக் கணினி வழியும் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னாளில் கார்டை மாற்ற முடியாது என்பது எனக்கு உறுத்துகிறது. பெரிய விளையாட்டுகளையும் ஆட வேண்டும் என்பதால் 5600, ஆர்எக்ஸ் 6600 என்ற திசையில் போகலாம் என்றிருக்கிறேன்.

இப்போது எஞ்சியிருக்கும் ஐயங்கள்: பவர் சப்ளை எத்தனை வாட் போதும்? சிறிய கேபினட் என்பதால் வெப்பம் தாங்குமா, பிராசஸருடன் வரும் கூலரே போதுமா? ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கிவிட்டுப் பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது தவறா?

வெப்பமானி:

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். ரைசன் 5 5600-இன் மீது 65 வாட் என்று எழுதியிருப்பார்கள். முழுச் சுமையில் அது உண்மையாக எடுப்பது அதைவிடச் சற்றுக் கூடுதல். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் என்று இன்னும் 40, 50 வாட்டைச் சேர்த்தாலும் மொத்தம் 300-ஐ எட்டாது. கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மின்சாரத்தைத் திடீரென்று கூடுதலாக இழுக்கும் தருணங்களுக்கும் இடம் விட்டால், தரமான 450 வாட் போதும். நாளைக்கு இதைவிடப் பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 550 எடுத்துக்கொள்ளுங்கள். 750 வாட் வாங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அதே சமயம், சிக்கனம் பிடிக்கக் கூடாத பாகம் எது என்று கேட்டிருந்தீர்களே, அது இதுதான். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை என்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு நிலையாக இருக்கிறது, கோளாறு வந்தால் பாதுகாப்புச் சுற்றுகள் உரிய நேரத்தில் இணைப்பைத் துண்டிக்குமா என்பதை அது சொல்வதில்லை. அந்த மாடலைத் திறந்து சோதித்து எழுதப்பட்ட ஆய்வுரை ஒன்றையாவது படிக்காமல் வாங்காதீர்கள்.

ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் அகலமும் உயரமும் 150-க்கு 86 மில்லிமீட்டர் என்று நிலையானவை. நீளம் மட்டும் 140-இலிருந்து 160, 180 என்று மாறும். சிறிய கேபினட்டில் அந்த நீளம்தான் கழுத்தைப் பிடிக்கும். 140 மில்லிமீட்டர் வரை ஏற்கும் என்று கேபினட்டின் விவரத்தில் போட்டிருந்தால், பின்னால் கம்பிகள் வளைவதற்கு இடம் சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமல் சொன்னதா என்று பாருங்கள். இன்னொன்று: கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையை வாங்கினால், வேறொரு பவர் சப்ளையின் கம்பிகளை ஒருபோதும் அதில் செருகாதீர்கள். கனெக்டர் அழகாகப் பொருந்தும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஸ்எஸ்டி-யும் போர்டும் கருகிப்போவதற்கு ஒரு முறை செருகினால் போதும்.

கார்டின் அளவைப் பற்றி எல்லோரும் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். கேபினட்டின் விவரத்தில் கார்டு 300 மில்லிமீட்டர் வரை என்று இருந்தால், அது பெரும்பாலும் முன்பக்கத்தில் விசிறி இல்லாதபோது உள்ள அளவு. விசிறியின் தடிமன் 25 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆர்எக்ஸ் 6600-இல் இரட்டை விசிறிக் கார்டுகள் பல 200 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பதால் அதில் உங்களுக்குச் சிக்கல் வராது. சிக்கல் வரக்கூடியது கார்டின் உயரத்தில், அதாவது ஸ்லாட்டிலிருந்து பக்கவாட்டுக் கதவை நோக்கி நீளும் அளவில். எட்டு பின் கனெக்டர் கார்டின் மேல் விளிம்பில் கதவைப் பார்த்தபடி இருக்கும். செருகியதும் அந்த பிளக் சற்று வெளியே நிற்கும். அதிலிருந்து வரும் கம்பிகள் உடனே மடங்க மாட்டா, மெல்ல வளைந்துதான் திரும்பும். கார்டின் விளிம்புக்கும் கதவுக்கும் இடையே சுமார் 30 மில்லிமீட்டர் இல்லாவிட்டால், கதவை மூடும்போது கம்பிகள் நசுங்கி, பிளக்கை ஒரு பக்கமாக அழுத்தும். கார்டின் உயரத்தைக் கேபினட்டின் உள் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

கூலர் விஷயத்தில், 5600-உடன் பெட்டியில் வரும் ரைத் ஸ்டெல்த் கூலர் 54 மில்லிமீட்டர் உயரம்; எந்த 20 லிட்டர் கேபினட்டிலும் அடங்கும், பிராசஸரையும் காப்பாற்றும். அதன் குறை சத்தம். மேசை மீது காதுக்கு அருகிலேயே இருக்கப்போகும் கணினி என்பதால் அது உங்களுக்குத் தொல்லை தரலாம். உடனே வேறு கூலர் வாங்க வேண்டாம்; பயாஸில் வெப்பத்துக்கு ஏற்ப விசிறியின் வேகம் ஏறுவதைக் காட்டும் வரைகோட்டைச் சற்றுத் தாழ்த்தி, வேகம் மாறுவதற்கு முன் சில நொடிகள் பொறுக்கும்படி வைத்துவிடுங்கள். பிராசஸரின் வெப்பம் ஒவ்வொரு கணமும் ஏறி இறங்கும்போது விசிறியும் கூடவே ஏறி இறங்கி எழுப்பும் அந்த ஊளைதான் எரிச்சலூட்டுவது. சீரான சத்தத்தைக் காது விரைவில் மறந்துவிடும். அதற்குப் பிறகும் பொறுக்க முடியாவிட்டால் ஒரு சிறிய டவர் கூலரைப் பற்றி யோசிக்கலாம். கேபினட் எவ்வளவு உயரம் வரை ஏற்கும் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபினட் வாங்கும்போது முன்பக்கம் கண்ணாடியாக மூடப்பட்டதைத் தவிர்த்து, வலைப்பின்னல் கொண்டதை எடுங்கள். முன்னால் ஒன்று காற்றை உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் என 2 விசிறிகள் போதும். விளக்கு எரியும் விசிறிகளுக்குக் கொடுக்கும் பணத்தை ரேமில் போடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து; மாறுபடுவோர் உண்டு.

திருகாணி:

ரேம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரே ஸ்டிக் வேண்டாம். 8 ஜிபி-யாக இரண்டு எடுங்கள். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) தரும் அகலம் நொடிக்கு 25.6 ஜிபி; இரண்டு சேனல்கள் சேர்ந்தால் 51.2. தனிக் கார்டு இருக்கும்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைவிட, இடையிடையே விழும் தாழ்ந்த ஃபிரேம்களில்தான் இந்த வேறுபாடு தெரியும். ஆட்டம் திக்குவதாக நாம் உணர்வது அவற்றைத்தான். ஐடிஎக்ஸ் போர்டில் இரண்டே ஸ்லாட்டுகள் என்பதால், பின்னாளில் கூட்ட வேண்டுமே என்று ஒற்றை ஸ்டிக் வாங்குவதற்கு ஒரு காரணமாவது இருந்தது. நான்கு ஸ்லாட் உள்ள மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டை எடுத்தால் அந்தக் காரணமும் போய்விடுகிறது. பூட்டிய பிறகு பயாஸில், ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும், அதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

போர்டில் பி550 எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பி450 வாங்கினால், அதன் பயாஸ் 5000 வரிசைப் பிராசஸரை அடையாளம் காணும் பதிப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். மேலும் அது பிசிஐஇ 3.0. இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் நல்ல விலையில் அமைந்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம், விளையாட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் நிற்கும். 5600 அமரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது, இனி அதில் பெரிய வளர்ச்சி இல்லை என்பதையும் தெரிந்தே வாங்குங்கள். பல ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பவருக்கு அதற்கு அடுத்து வந்த சாக்கெட்டான ஏஎம்5-தான் வழி. அதில் போர்டுக்கும் டிடிஆர்5 ரேமுக்கும் இப்போதே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், உங்கள் நிலையில் அந்தத் தொகை கார்டிலிருந்துதான் பிடுங்கப்படும்.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாக: 512 ஜிபி இரண்டு மூன்று பெரிய விளையாட்டுகளிலேயே நிறைந்துவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டாவது 1 டிபி எடுங்கள். தனக்கென டிராம் நினைவகம் இல்லாத மலிவான என்விஎம்இ-கூட விளையாட்டுக்குப் போதும்.

குறுமேசை:

இவ்வளவையும் வைத்துப் பட்டியலை மாற்றி எழுதிவிட்டேன்: ரைசன் 5 5600, பி550 மைக்ரோ-ஏடிஎக்ஸ், 8 ஜிபி-யாக இரண்டு டிடிஆர்4-3200, இரட்டை விசிறி ஆர்எக்ஸ் 6600, 1 டிபி என்விஎம்இ, 550 வாட் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, வலைப்பின்னல் முகப்புள்ள 20 லிட்டர் கேபினட். பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் தொகை சற்றே கூடியிருக்கிறது. எஸ்எஸ்டி-யின் கொள்ளளவு இரட்டிப்பானதுதான் அதற்குப் பெரிய காரணம். உள்ளமை கிராபிக்ஸ் இல்லாததால் கார்டு வந்த பிறகுதான் பூட்டப் போகிறேன். பூட்டும்போது வரிசை ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வெப்பமானி:

போர்டைக் கேபினட்டுக்குள் இறக்குவதற்கு முன்பே பிராசஸர், கூலர், ரேம், எஸ்எஸ்டி நான்கையும் மேசை மீது வைத்தே பூட்டிவிடுங்கள். கார்டையும் செருகி, பவர் சப்ளையை வெளியிலிருந்தே இணைத்து, ஒரு முறை படம் வருகிறதா என்று பார்த்த பிறகு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோவது நல்லது. உள்ளே இறக்கும்போது, போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் பிராசஸர் மின்கம்பியை முதலில் செருகுங்கள். 20 லிட்டர் கேபினட்டில் பவர் சப்ளையும் கூலரும் அமர்ந்த பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது. அந்தக் கம்பியின் எட்டு பின் கனெக்டரும் கார்டுக்கான எட்டு பின் கனெக்டரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முன்னது நான்கு நான்காகப் பிரியும், பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். கார்டைக் கடைசியில் செருகுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் அல்லாமல் கார்டில் மாட்டுங்கள். 5600-க்கு அந்தத் துளையில் படம் வராது.